ராத்திரி பன்னிரண்டு மணி டேட்டா: ஊர்ப் பிள்ளைகளின் நெட் பழக்கம் பற்றி

கேள்வி, 8 ஜூன் 2025

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம். தம்பி இப்போது பிளஸ் ஒன். அப்பா குவைத்தில் இருக்கிறார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறார். எனக்குத் திருபுவனை பக்கம் கம்பெனி வேலை, விடியற்காலை வேன் ஏறினால் இருட்டித்தான் வீடு. தம்பி விடிய விடிய போனில் இருக்கிறான். பத்தாவதில் மார்க்கும் போய்விட்டது. போன வாரம் அம்மா போனைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அவன் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பையன் போனில் போய் உட்கார்ந்திருக்கிறான். சொந்தக்காரர்கள் "புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ" என்கிறார்கள். நெட்டை ஒரேயடியாக நிறுத்தினால்தான் திருந்துவான் என்பது என் எண்ணம். சரியா?

9 ஜூன் 2025

போனை அரிசி டிரம்மிலிருந்து எடுத்து அவனிடமே கொடுத்துவிடுங்கள், தங்கச்சி. கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போதும்: ராத்திரி போன் படுக்கைக்கு வரக் கூடாது. மற்றதெல்லாம் பிறகு.

நான் காடாம்புலியூர் பக்கம். 2021 கடைசியில், எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுக்கும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். அப்போது என்னிடம் ஏழாவது படித்த பிள்ளைகள்தான் இப்போது உங்கள் தம்பி வயசு. எட்டாவது முடித்த பிறகும் அவர்கள் வருவதை நிறுத்தவில்லை, அதனால் என் வீட்டுத் தாழ்வாரத்தில் சாயங்கால வகுப்பு இன்னும் நடக்கிறது.

இவர்கள் கைக்குப் போன் எப்படி வந்தது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடினார்கள். எட்டாவது வரைக்கும் 2021 நவம்பரில்தான் திறந்தார்கள். "பாடம் போனில்தான் வரும்" என்று சொன்னதும் தோட்டை அடகு வைத்துப் போன் வாங்கிக் கொடுத்த அம்மாக்களை எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷம் போனைப் பார் பார் என்று நாமே சொல்லிவிட்டு, ஒரு நாள் காலையில் பிடுங்கி டிரம்மில் போட்டால் அந்தப் பையனுக்கு அது அநியாயமாகத்தான் தெரியும்.

ஏன் ராத்திரியில் தொடங்கச் சொல்கிறேன் என்றால், இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதே சமயம் பருவ வயதில் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே கொஞ்சம் தள்ளி ஓடும். ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. தூக்கம் வராமல் புரளும் அந்த நேரத்தில்தான் போன் கைக்கு வருகிறது. ஒன்றரை மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுப்பப்பட்ட பையனுக்குப் பாடம் ஏறாது, சுள்ளென்று கோபம் வரும், சாயங்காலம் ஓடியாடத் தெம்பு இருக்காது. சோர்ந்து உட்கார்ந்தவன் மறுபடி போனைத்தான் எடுப்பான். பகலில் நீங்கள் பார்க்கிற தொந்தரவில் பாதி, ராத்திரியில் உண்டானது.

செய்ய வேண்டியது இதுதான். படுக்கிற இடத்திலிருந்து எட்டாத ஒரு பிளக் பாயிண்டில் சார்ஜர் நிலையாக இருக்கட்டும். சாமி மாடத்துப் பக்கம், டிவி மேசை, எதுவானாலும் சரி. வீட்டில் எத்தனை போன் இருந்தாலும் அத்தனையும் அங்கேதான் படுக்க வேண்டும், உங்கள் போனும் அம்மா போனும் உட்பட. அவனுடையதை மட்டும் வைக்கச் சொன்னால் ஒரு வாரம்கூட நிற்காது. "அலாரம் வைக்கணும்" என்பான். பண்ருட்டி கடைத்தெருவில் மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

10 ஜூன் 2025

ஜிப்மர் பற்றிக் கேட்டதற்குத் தனியாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேம் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று சேர்ந்திருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. அதற்கு மூன்று அடையாளம் பார்க்கிறார்கள்: விளையாட்டைத் தன் கட்டுக்குள் வைக்க முடியாமல் போவது, சாப்பாடு, படிப்பு, சொந்தம் எல்லாவற்றையும் விட அது முக்கியமாகிவிடுவது, கெடுதல் கண்முன் தெரிந்த பிறகும் விடாமல் தொடர்வது. இது பொதுவாக 12 மாதமாவது நீடித்து, வாழ்க்கையே பாதிக்கப்பட்டிருந்தால்தான் டாக்டர் அந்தப் பெயரைச் சொல்வார். ரீல்ஸ் பார்ப்பதற்கு அந்தப் பட்டியலில் தனிப் பெயரே இல்லை. லீவு முழுக்க விளையாடினான், மார்க் குறைந்தது என்பதற்காக ஊரே கூடி நோயாளி ஆக்க வேண்டாம்.

ஆனால் பள்ளிக்கூடமே போக மாட்டேன் என்கிறான், குளிப்பதில்லை, பணம் காணாமல் போகிறது, போனைக் கேட்டால் கையை ஓங்குகிறான், "செத்துப் போயிடுவேன்" என்கிறான் என்றால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். 14416 டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சிதம்பரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்களுக்கு எது பஸ் வசதியோ அங்கே போகலாம்.

15 ஜூன் 2025

இதை எழுதாமல் விட்டால் மேலே சொன்ன சார்ஜர் யோசனை பாதி வீண்.

எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு சிமெண்டு மேடை உண்டு. ராத்திரி பதினொன்றரைக்கு மேல் பையன்கள் அங்கே போய் உட்காருவார்கள். அந்த நேரத்துக்கு அங்கே என்ன வேலை என்று ஒருத்தனிடம் கேட்டேன். "பன்னெண்டு மணிக்கு நெட் வரும்க்கா" என்றான்.

நம் வீட்டுப் பேக் எல்லாம் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி என்று வருவது. சாயங்காலம் ஏழு, எட்டுக்குள் அது தீர்ந்துவிடும். நள்ளிரவு தாண்டியதும் அடுத்த நாள் கணக்கு ஏறும். கையில் புது டேட்டா, ஊர் அடங்கிவிட்டது, திட்ட ஆள் இல்லை, கூட்டாளிகள் எல்லாரும் ஆன்லைனில் இருக்கிறார்கள். முழிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? இன்னொன்று, அன்றன்றைக்குத் தீர்க்காத டேட்டா பெரும்பாலான பேக்கில் மறுநாளுக்கு வராது. "வீணாப் போகுதே" என்று படுக்கப் போகும் முன் உட்கார்ந்து தீர்க்கிறவர்களும் உண்டு. பிள்ளைகள் மட்டுமா, நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான்.

அதனால் அடுத்த ரீசார்ஜ் சமயத்தில் தினசரிப் பேக்கை விட்டுவிட்டு, 28 நாளுக்கோ 84 நாளுக்கோ மொத்தமாக இத்தனை ஜிபி என்று வரும் பேக்கைக் கேளுங்கள். கடைக்காரர் முதலில் தினசரிப் பேக்கைத்தான் சொல்வார், நின்று கேளுங்கள். மொத்தக் கணக்கில் வந்தால் பன்னிரண்டு மணிக்கு மவுசு இல்லை. இருப்பதை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது என்று பையனே கணக்குப் போடுவான். என் வகுப்பில் ஒருவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கேமுக்கு இவ்வளவு, யூடியூப் பாடத்துக்கு இவ்வளவு என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தான். நான் சொல்லி எழுதியது இல்லை.

வெறும் பேச்சுக்கு மட்டும் போன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு டேட்டாவே இல்லாத பேக்கும் கிடைக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் போட்ட உத்தரவுக்குப் பிறகு எல்லாக் கம்பெனியும் கொடுக்க வேண்டும். அவர்கள் சிம்மின் ஹாட்ஸ்பாட்டில்தான் நிறைய பேரன்கள் ஓட்டுகிறார்கள்.

5ஜி போனும் டவரும் இருக்கிற இடத்தில், அளவில்லாத டேட்டா பேக் போட்டிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. எங்கள் பக்கம் இன்னும் நிறைய வீட்டில் பழைய 4ஜி போன்தான், அதனால் செல்கிறது.

19 ஜூன் 2025

அப்பா குவைத்திலிருந்து ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடியோ காலில் வருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே பத்து என்றால் அவருக்கு ஏழரை, அப்போதுதான் ரூமுக்கு வந்து சமைக்க உட்கார்ந்திருப்பார். இதை மனதில் வைத்து, இத்தனை மணிக்குப் போனை வை என்ற பேச்சையே விட்டுவிடுகிறேன். அப்பா போன்தான் அந்த வீட்டில் அன்றைக்குக் கடைசிப் போன் என்று வையுங்கள். அது அம்மாவின் போனுக்கு வரட்டும், எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள், முடிந்ததும் எல்லாப் போனும் சார்ஜருக்குப் போகட்டும். அப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லி, "சரிப்பா, போனை வெச்சிட்டுப் படு" என்று அவர் வாயால் முடிக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற அப்பாவுக்குப் பெரும்பாலும் பணம் அனுப்புவதும் திட்டுவதும்தான் மிஞ்சுகிறது. தினமும் செய்ய இந்த ஒரு வேலை அவருக்கும் வேண்டும்.

29 ஜூன் 2025

ஒருவர் "பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் போட்டால் முடிந்தது" என்று எழுதியிருக்கிறார். கூகுள் ஃபேமிலி லிங்க் நல்ல ஆப்தான். நேர வரம்பு, படுக்கும் நேரப் பூட்டு எல்லாம் அதில் உண்டு. படித்த, நிதானமாக உட்கார நேரம் இருக்கிற அப்பா அம்மாவுக்குப் பயன்படும். எங்கள் ஊரில் அம்மாவின் கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்ததே அந்தப் பையன்தான். பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும்.

நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் மகன் போனுக்கு அம்மாவின் கைரேகையைப் போடலாம் என்று உட்கார்ந்தோம். அந்த அம்மா பத்து வயதிலிருந்து முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் விரல் நுனி கருத்து, உரிந்து, வழவழவென்று ஆகிவிடும். கட்டை விரலை வைத்தார், எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல், இடது கை, எதுவும் எடுக்கவில்லை. "ரேஷன் கடை மிஷின்லயும் இப்படித்தாம்மா, என் கை எதுக்கும் ஆகாது" என்று முந்தானையில் விரலைச் சுற்றிக்கொண்டார். மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆப் போடவில்லை. அம்மா பேர் வைத்து ஒரு நாலு எண் போட்டுக்கொள்ளலாம் என்று அவனே சொன்னான், அவரிடம் அதைச் சொல்லியும் கொடுத்தான். அதற்குப் பிறகு ராத்திரி அவர் கேட்டால் போனைக் கொடுத்துவிடுகிறான் என்று சொன்னார்.

அதனால் ஆப்பைவிட எனக்குப் பிடித்தது, பெரும்பாலான ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் இருக்கிற டிஜிட்டல் வெல்பீயிங் பக்கம். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தோம் என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து அதை மட்டும் பாருங்கள். உங்களுடையதையும் திறந்து காட்டுங்கள். மெசேஜைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்தால் அதோடு அவன் உங்களிடம் உண்மை பேசுவது நின்றுவிடும்.

12 ஜூலை 2025

"ஒரு மாசம் முழுசா நிறுத்திப் பாருங்க, மறந்துடுவாங்க" என்று மறுபடி ஒருவர். நிறுத்திப் பார்க்க நாம் முயற்சி செய்யத் தேவையே இல்லாமல் போன வருஷம் ஃபெஞ்சல் புயல் செய்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, ஒரே நாளில் புதுச்சேரியில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். கடலூரைச் சுற்றி எத்தனை ஊரில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் அண்ணன் வீடு பாகூர் பக்கம். அங்கே பையன்கள் அத்தனை பேரும் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒருத்தன்கூடப் போனைத் தேடவில்லை என்று அண்ணி ஆச்சரியப்பட்டார்.

கரண்ட் வந்தது. அன்றைக்கு ராத்திரி விடிய விடிய எல்லாரும் போனில்தான். விட்டதைப் பிடிக்கிற மாதிரி.

இதை இரண்டு விதமாகவும் பார்க்கிறேன். போன் இல்லாமல் அவர்களால் இருக்க முடியும், செய்ய உருப்படியான வேலை இருந்தால் தேடக்கூட மாட்டார்கள். ஆனால் நெட் இல்லாத நாள் எத்தனை வந்தாலும், நெட் இருக்கிற நாளில் எப்படி நிறுத்துவது என்பதை அது கற்றுக் கொடுக்காது. அதை நெட் இருக்கும்போதுதான் பழக வேண்டும், தினமும், கொஞ்சம் கொஞ்சமாக.

27 ஜூலை 2025

இதுவரை தம்பி, பையன் என்றே எழுதிக்கொண்டு வருகிறோம். கேள்வி அப்படி வந்தது, சரி. பெண் பிள்ளைகள் பற்றி எழுதாமல் என்னால் மேலே போக முடியாது.

பையன் அதிகமாகப் போன் பார்த்தால் "படிப்பு கெட்டுப்போகும்" என்கிறோம். பெண் பார்த்தால் "யார் கூடப் பேசுற?" என்கிறோம். பையனுக்குப் போன் போகும். பெண்ணுக்குப் போனோடு பள்ளிக்கூடமும் போகும், சில வீட்டில் அந்த வருஷமே மாப்பிள்ளை பார்ப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் பெண் பிள்ளைகள் போர்வைக்குள் பார்க்கிறார்கள், வாங்கியதையே சொல்லாமல் இரண்டாவது சிம் வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் வருகிற ஆபத்தைச் சொல்கிறேன். என் வகுப்புக்கு வந்த ஒரு பெண், முகம் தெரியாத ஒருத்தனுக்கு இன்ஸ்டாகிராமில் போட்டோ அனுப்பிவிட்டாள். சாதாரணப் போட்டோதான். அவன் அதை மாற்றி அசிங்கமாக்கி வைத்துக்கொண்டு பணம் கேட்டான். வீட்டில் சொன்னால் போனையும் பிடுங்கிப் படிப்பையும் நிறுத்துவார்கள் என்று பயந்து, காதில் கிடந்த கம்மலை விற்க யாரைப் பிடிக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்டாள். அந்தக் கேள்வி வந்ததால் எனக்குத் தெரிந்தது. வராமல் இருந்திருந்தால்?

1930 சைபர் குற்ற உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண். இரண்டையும் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வையுங்கள். மிரட்டுகிறவனுக்குப் பணம் தராதே, மெசேஜை அழிக்காதே, திரையைப் படம் பிடித்து வை, அவனை பிளாக் செய்வதற்கு முன் ஒரு பெரியவரிடம் சொல். இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம்: "எது நடந்தாலும் போனைப் பிடுங்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." இந்த வாக்கைக் கொடுக்காத வீட்டில் எந்தக் கட்டுப்பாடும் பெண் பிள்ளையைக் காப்பாற்றாது. சார்ஜர் விதி அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை அடித்துச் சொல்கிறேன்.

24 ஆகஸ்ட் 2025

பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் கேமுக்குத் தடை வந்துவிட்டதே, இனி நிம்மதிதானே என்று கேட்கிறீர்கள். நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ந் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கொடுத்துவிட்டார். மனசார வரவேற்கிறேன். ரம்மியில் கடனாளியான குடும்பங்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ. ஆனால் உங்கள் தம்பி விளையாடுவது ஃப்ரீ ஃபயர் மாதிரியானது. அதில் டைமண்ட் வாங்கக் காசு போகும், பந்தயப் பணம் கிடையாது, அதனால் இந்தத் தடை அதைத் தொடாது.

தடை என்ன செய்யும், என்ன செய்யாது என்று நாம் பார்த்திருக்கிறோம். டிக்டாக் 2020 ஜூனில் போனது, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. பப்ஜி அந்த செப்டம்பரில் போனது, அடுத்த ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது, மேக்ஸ் என்று இன்றும் ஓடுகிறது. பையன்கள் ஒரு நாள்கூட வேலையில்லாமல் இருக்கவில்லை.

எனக்கு இதில் பிடித்தது வேறு ஒரு விதி. தமிழ்நாடு அரசு இந்த பிப்ரவரியில் பண விளையாட்டுகளுக்கு ராத்திரி 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையவே கூடாது என்று போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் ஜூனில் விதி செல்லும் என்று சொன்னது. வயது வந்தவர்களுக்கே அந்த ஐந்து மணி நேரம் ஆகாது என்றால் பதினாறு வயதுக்கு?

14 செப்டம்பர் 2025

காலாண்டுத் தேர்வில் தம்பி பழையபடி முழிக்கத் தொடங்கிவிட்டான், கேட்டால் "ஹோம்வொர்க் வாட்ஸ்அப்பில் வருது" என்கிறான், பொய் சொல்கிறான் என்று எழுதியிருந்தீர்கள்.

பொய் இல்லை. நான் இங்கே விசாரித்தேன். ஒரு பள்ளியின் வகுப்புக் குழுவில் ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வீட்டுப்பாடம் வருகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல முடியவில்லை, அவர்களும் வீட்டுக்குப் போய்ச் சமைத்து முடித்துத்தான் உட்காருகிறார்கள். பிள்ளை அதை எழுத போனை எடுக்கிறான், மேலே ரீல்ஸ் வந்து நிற்கிறது, அப்புறம் ஒரு மணி. எங்கள் வகுப்புப் பெற்றோர் சிலர் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தோம். "சாயங்காலம் ஏழு மணிக்குள் அனுப்புங்கள், இல்லையென்றால் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள், பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரட்டும்" என்று கேட்டோம். அவர் இரண்டாவதுக்கு ஒத்துக்கொண்டார். இப்படிக் கேட்க வந்த முதல் பெற்றோர் நாங்கள்தான் என்றும் சொன்னார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் நடக்கிறது, அதில் எழுப்புங்கள்.

2 நவம்பர் 2025

ராத்திரியை மட்டுமே பேசிவிட்டோம், சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுக்கு என்ன என்று கேட்டவருக்கு.

எங்கள் ஊரில் கபடித் தளம் இருந்தது, விளக்கு இல்லை. ஆறேகாலுக்கு இருட்டிவிடும், எல்லாரும் மதகுக் கட்டையில் போய் வரிசையாக உட்கார்ந்து போனைத் திறப்பார்கள். இரண்டு விளக்கு போடச் சொல்லி கிராம சபையில் பையன்களே எழுதிக் கொடுத்தார்கள். இழுத்தடித்துத்தான் வந்தது. இப்போது எட்டு மணி வரைக்கும் ஆட்டம். வேப்பமரத்து அடியில் கழற்றிப் போட்ட சட்டைகளுக்குள் போன்கள் அடித்துக்கொண்டே கிடக்கின்றன, ஒரு பயல் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடி முடித்து, குளித்து, தின்று, படுத்தால் பத்தரைக்கு மேல் கண் நிற்காது.

பெண் பிள்ளைகள் அந்தத் தளத்தில் கால் வைத்ததே இல்லை. போன மாதம் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வாங்கினார்கள், அந்த அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகா வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. அதைப் பார்த்துவிட்டு என் வகுப்புப் பெண்கள் வந்து நின்றார்கள்: "அக்கா, எங்களுக்கும் ஒரு மணி நேரம் தளம் வேணும்." ஐந்திலிருந்து ஆறு வரைக்கும் அவர்களுக்கு என்று முடிவாகியிருக்கிறது. சில வீட்டில் இன்னும் அனுப்பவில்லை, வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். ரீல்ஸ் என்றாலே குப்பை என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தளம் இல்லாத ஊரில் ஊர்ப்புற நூலகம் இருக்கும், பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும். சாவி யாரிடம் என்று கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

14 டிசம்பர் 2025

ஆஸ்திரேலியாவில் 10-ந் தேதியிலிருந்து 16 வயதுக்குக் கீழ் சமூக வலைத்தளக் கணக்கே கூடாது என்று ஆகிவிட்டது. இங்கேயும் வர வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். பொறுப்பைப் பிள்ளை தலையிலும் அம்மா தலையிலும் போடாமல் கம்பெனி தலையில் போட்டு, மீறினால் அபராதமும் கம்பெனிக்குத்தான் என்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் அம்மா பெயரில் சிம், அண்ணன் பெயரில் கணக்கு, தாத்தா ஆதாரில் போன் என்று இருக்கிற ஊரில் வயதை எப்படிப் பார்ப்பார்கள்? சட்டம் வருகிற வரைக்கும் காத்திருக்க இந்தப் பிள்ளைகளுக்கு வயது நிற்காது.

தங்கச்சி, அரையாண்டு லீவுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். லீவில் ஆட்டம் கொஞ்சம் கூடத்தான் செய்யும், விடுங்கள். சார்ஜர் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். அப்பா போன் வந்து முடிந்ததும் எல்லாப் போனும் அங்கே போகட்டும், லீவு நாளில் அரை மணி தள்ளிக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். அவனை ஒரு நாள் உங்கள் கம்பெனி லீவன்று புதுச்சேரிக்குக் கூட்டிப் போங்கள், அவன் கூட்டாளி ஒருவனையும் சேர்த்து. அடுத்த ரீசார்ஜ் இந்த மாதம் 27-ந் தேதி என்று எழுதியிருந்தீர்கள். கடைக்கு அவனையே அனுப்புங்கள், மொத்தக் கணக்குப் பேக் எது எது இருக்கிறது என்று அவனே விலை விசாரித்து எழுதிக்கொண்டு வரட்டும். அந்தப் பட்டியலை இங்கே போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.